பல்பு எரிவதற்கு முன்னால் ஒரு கேள்வி

ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி செல், ஒரே ஒரு துண்டு ஒயர். இவற்றை மட்டும் வைத்து பல்பை எரியவைக்க முடியுமா? முடியும். பல்பின் அடிமுனையைச் செல்லின் ஒரு முனைமேல் நேராக நிறுத்தி, மறுமுனையிலிருந்து வரும் ஒயரை பல்பின் உலோகக் கழுத்தில் தொட வேண்டும். 1997இல் வெளியான ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், பட்டமளிப்பு அங்கியோடு நின்றுகொண்டிருந்த எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் இதைச் செய்யச் சொன்னார்கள். பலரும் திணறினார்கள். சமன்பாடுகள் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மின்சுற்று என்றால் என்ன என்பதுதான் கைக்கு வரவில்லை.

இதே விஷயம் கார்ல் வைமனையும் உறுத்தியது. போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை ஆய்வகத்தில் உருவாக்கியதற்காக 2001இல் இயற்பியல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டவர் அவர். தேர்வுகளில் வெளுத்துக்கட்டிய மாணவர்கள், ஆராய்ச்சிக்கென்று தன்னிடம் வந்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்பதைப் பார்த்துப் பார்த்து, கற்பித்தலையே ஓர் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். பரிசுப் பணத்தில் ஒரு பங்கையும் போட்டு, 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கியதுதான் ‘ஃபெட்’ சிமுலேஷன் திட்டம். இயற்பியல், வேதியியல், கணக்கு என்று நூற்றுக்கும் மேற்பட்ட சிமுலேஷன்கள் இன்று அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழிலும் பார்க்கலாம், எல்லாம் இல்லையென்றாலும்.

இணையத்தில் ஆசிரியர்களுக்கென்று கொட்டிக் கிடப்பவற்றில் முக்கால்வாசி, பாடப்புத்தகப் பக்கத்துக்கு வண்ணம் பூசிய வீடியோக்கள். அவற்றில் மாணவர் தப்பு செய்ய முடியாது; செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஃபெட்டின் மின்சுற்றுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒயர், பேட்டரி, பல்பு, சுவிட்ச் எல்லாம் ஓரமாக இருக்கும். விரலால் இழுத்து நடுவில் போட்டு, முனையோடு முனை சேர்த்தால் நீல நிற எலெக்ட்ரான்கள் வரிசையாக ஊர்ந்து போகும். பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் பேட்டரி தீப்பற்றி எரியும். எந்த வகுப்பிலும் பிள்ளைகள் முதலில் இதைத்தான் கண்டுபிடிப்பார்கள். எரிக்கட்டும், யாருக்கும் கை சுடாது.

உண்மையான பாடம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. பல்புக்கு முன்னால் உள்ள ஒயரில் ஓடும் மின்னோட்டம் அதிகமா, பல்பைத் தாண்டிய பிறகு ஓடுவதா? முன்னால்தான் அதிகம், பல்பு கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது என்பார்கள் பாதிப் பேர். உலகம் முழுவதும் மாணவர்களிடம் இருக்கும் பிழை இது. சிமுலேஷனில் எலெக்ட்ரான்கள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன. அம்மீட்டரை எங்கே வைத்தாலும் ஒரே எண்தான். பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டுமே. நிஜ ஒயருக்குள் எலெக்ட்ரானைக் காட்ட எந்த ஆசிரியராலும் முடியாது.

இது வெறும் திரை வேடிக்கைதானே என்ற சந்தேகம் நியாயமானது. கொலராடோவிலேயே அதைச் சோதித்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பிரிவு மாணவர்கள் நிஜ ஒயர், நிஜ பல்போடு ஆய்வக வகுப்பை முடித்தார்கள். இன்னொரு பிரிவு சிமுலேஷனில். பிறகு இரு பிரிவினரையுமே நிஜக் கருவிகளால் ஒரு சுற்றை அமைத்து விளக்கச் சொன்னபோது, சிமுலேஷனில் படித்தவர்களே வேகமாகவும் தெளிவாகவும் செய்தார்கள். நிஜக் கருவியில் லூஸ் கனெக்‌ஷன், தீர்ந்துபோன செல், எந்த நிற ஒயர் எதற்கு என்ற குழப்பம் என்று கவனம் சிதறுவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது.

ஆனாலும் ப்ரொஜெக்டரில் போட்டுக் காட்டிவிட்டால் வேலை முடிந்ததா? ஹார்வர்டில் எரிக் மசூர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, நம்மில் பலருக்குப் பிடிக்காத விடையைத் தருகிறது. வகுப்பில் செய்துகாட்டும் சோதனையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக மேலே வந்தார்கள். ஆகவே பல்பை எரியவிடுவதற்கு முன் கை தூக்கச் சொல்லுங்கள், விடையை நோட்டில் எழுதவையுங்கள். தவறாக எழுதியவர்தான் திரையை உன்னிப்பாகப் பார்ப்பார்.

கேள்வியிலும் அளவு வேண்டும். ‘முதலில் இதை அழுத்து, அடுத்து அதை இழு’ என்று படிப்படியாக எழுதிக்கொடுத்தால் மாணவர்கள் அதை மட்டும் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஃபெட் குழுவினரே மாணவர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்துக் கண்டது இது. ஊசல் சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். புவியில் ஒரு மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும். நிலவுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 5 விநாடி, வியாழனில் சுமார் 1.3 விநாடிதான். பட்டியலில் ‘எக்ஸ் கோள்’ என்றும் ஒன்று உண்டு, அதன் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடி என்ற ஒரு வரி போதும், ஒரு பீரியட் ஓடிவிடும்.

பள்ளியில் நெட் வராது என்பதற்கும் வழி இருக்கிறது. புதிய சிமுலேஷன்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோப்புதான். வீட்டிலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோனால் இணையமே இல்லாமல் பிரவுசரில் திறக்கும்.

வானவியலுக்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில்தான் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது என்று சென்னைப் பிள்ளைகளில் பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஊரைச் சென்னை என்று வைத்து, நண்பகலில் நிறுத்தி, தேதியை மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலேயே சூரியன் உச்சியைத் தொட்டுவிடும். ஜூனில் அதைத் தாண்டி வடக்கே நிற்கும். ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஒருமுறை உச்சிக்கு வரும். அப்படியானால் ஜூன் மாத நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? தெற்கே. நம்பாதவர்கள் பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு ஜியோஜீப்ரா, தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘இணையச் செயல்பாடு’ கட்டங்களில் அடிக்கடி வருவதுதான், பலரும் புரட்டிவிட்டுப் போவதும் அதைத்தான்.

சிமுலேஷனில் ஒயர் துருப்பிடிப்பதில்லை, கை வழுக்குவதில்லை. அந்த அனுபவமும் வேண்டுமென்றால் அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போக வேண்டும். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் என்று தூக்கி எறியும் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். செய்முறைப் படங்களும் புத்தகங்களும் அங்கே இலவசம். அதில் என் தேர்வு அந்த எளிய மோட்டார்தான். ஒரு பெரிய செல், அதன் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டால் கட்டிய இரண்டு ஊக்குகள், நடுவில் ஒரு காந்தம், ஊக்குகளின் வளையத்தில் தொங்கும் எனாமல் செப்புக் கம்பிச் சுருள். சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சுருள் திரும்பும்போது எனாமல் உள்ள பக்கம் ஊக்கில் படும் நேரத்தில் மின்சாரம் நிற்கும், சுருள் போன வேகத்திலேயே மிச்சத்தைக் கடந்துவிடும். ஒரு குழுவை மட்டும் இரண்டு முனைகளையும் முழுக்கச் சுரண்டச் சொல்லுங்கள், என்ன ஆகும் என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொண்டு. அவர்களுடைய சுருள் இப்படியும் அப்படியும் ஆடுமே தவிர, ஒழுங்காகச் சுற்றாது.