படிவத்தின் பிரதி எங்கே? மாத்தளைப் புதைகுழியும் ஜெனீவாவும்

சென்ற வாரம் செம்மணிப் புதைகுழியோடு நிறுத்தியிருந்தோம். வழக்கப்படி இந்த வாரம் மன்னாருக்கோ முல்லைத்தீவுக்கோ போயிருக்க வேண்டும். அதற்கு முன் தெற்கே திரும்பி மாத்தளைக்குப் போய்வருவது அவசியம். மனித உரிமை, ஜெனீவா, சர்வதேச விசாரணை என்று காதில் விழுந்தவுடன் அதைத் தமிழர் விவகாரம் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் இலங்கையில் வேரூன்றிவிட்டது. நம்மவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மாத்தளை அந்த நினைப்பைக் கலைத்துப்போடும்.

2012 நவம்பர் மாதக் கடைசி. மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் பயோகாஸ் குழி வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் மண்வெட்டியில் எலும்பு தட்டுப்பட்டது. வேலை நின்றது. பொலிஸ் வந்தது, விஷயம் நீதவானிடம் போனது, அவருடைய உத்தரவின் பேரில் முறையான அகழ்வு தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரி அஜித் ஜயசேனவும் களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் பொறுப்பாக இருந்தார்கள். தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. அடுத்த சில மாதங்களில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டன.

யார் இவர்கள்? 1940களில் பரவிய அம்மை நோயில் இறந்தவர்களாக இருக்கலாம் என்றார்கள் சிலர். அதே காலத்து மண்சரிவில் சிக்கியவர்கள் என்றார்கள் வேறு சிலர். 1848 கலவரம் நடந்த ஊர் இது. வீர புரன் அப்பு பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்த மண். அதனால் அந்தக் காலத்தையும் சிலர் நினைவூட்டினார்கள். சோமதேவ பார்த்தது குழியை. மண்ணின் அடுக்குகளையும், எலும்புகளோடு கிடந்த பொருட்களையும், அவை எந்தக் காலத்துத் தயாரிப்பு என்பதையும் ஆராய்ந்து 2013இல் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். புதைத்தது 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்பது அவருடைய முடிவு.

அந்த ஆண்டுகளைச் சொன்னதும் மாத்தளையில் வயதானவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1987 முதல் 1989 வரை மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) இரண்டாவது கிளர்ச்சி. ஜே.வி.பி. தொழிற்சங்கத்தாரையும் மாற்றுக் கட்சியினரையும் அரச ஊழியர்களையும் கொன்றது. அரச படைகளும் அவற்றின் நிழலில் இயங்கிய குழுக்களும் இளைஞர்களை வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் தூக்கிச் சென்றன. பல பத்தாயிரம் பேர் போன இடம் தெரியாமல் போனார்கள். மிகப் பெரும்பாலானவர்கள் சிங்கள இளைஞர்கள். 1989இல் மாத்தளை மாவட்டத்துக்கு இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கேர்ணல் கோட்டாபய ராஜபக்ஷ. அவருடைய பொறுப்புக் காலத்தில் அங்கே 700க்கும் மேற்பட்டோர் காணாமலாக்கப்பட்டதாக, பழைய ஆணைக்குழுப் பட்டியல்களை வைத்து, உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்றிட்டம் 2022இல் எழுதியது. இது பற்றி அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கும் அளவுக்கு வழக்கு எதுவும் நடத்தப்படவும் இல்லை.

புதைகுழி வெளிப்பட்டபோது அவர் பாதுகாப்புச் செயலாளர், அண்ணன் மஹிந்த ஜனாதிபதி. 2013இல் மஹிந்த ஒரு ஜனாதிபதி ஆணைக்குழுவை நியமித்தார். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவில் கார்பன் பரிசோதனைக்குப் போயின. அந்த முடிவை வைத்து, எச்சங்கள் 1950க்கு முந்தியவை என்று ஆணைக்குழு சொன்னது. சோமதேவ சொன்னதற்கு நேர் எதிர். அத்தோடு விசாரணை படுத்துவிட்டது.

இந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் இருந்த கதிரியக்கக் கார்பன் 1960களின் நடுவில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குப் பிறகு வளர்ந்த பயிரைச் சாப்பிட்ட ஒவ்வொருவரின் எலும்பிலும் அந்த அதிகப்படி பதிந்திருக்கும். 1989இல் இருபது வயதில் இறந்த பையன் 1969இல் பிறந்தவன். அவனுடைய எலும்பை 1950க்கு முந்திய எலும்பு என்று நல்ல ஆய்வுகூடம் குழப்பிக்கொள்ளாது. ஆகவே ஆய்வுகூடத்தைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் அதற்கு முந்தியவை. 150க்கும் மேற்பட்டவர்களில் யாருடைய எலும்பு தெரிவுசெய்யப்பட்டது? தெரிவுசெய்தவர் யார்? முத்திரையிட்டபோது குடும்பங்களின் சார்பில் யாராவது பக்கத்தில் நின்றார்களா? அகழ்ந்தவர் கண்டதும் ஆய்வுகூடம் கண்டதும் முட்டிக்கொண்டபோது, மூன்றாவது தரப்பிடம் கொடுத்து மறுபடி சோதிக்காதது ஏன்? உறவினர்களின் இரத்த மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டிருந்தால் காலம் பற்றிய தர்க்கமே தேவைப்பட்டிருக்காது. ஓர் எலும்பு ஒரு தாயோடு பொருந்திவிட்டால் 1848உம் இல்லை, அம்மை நோயும் இல்லை.

வெளிநாட்டு உதவி என்பதன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி போன பிறகு, 1984இல், அமெரிக்காவிலிருந்து கிளைட் ஸ்னோ என்ற தடயவியல் அறிஞர் வந்தார். உள்ளூர் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, எலும்பை எப்படி எடுப்பது, எப்படிப் பதிவது, நீதிமன்றத்தில் எப்படிச் சாட்சி சொல்வது என்று பழக்கினார். அந்த மாணவர்கள் உருவாக்கிய குழு பிறகு உலகம் முழுக்கப் போய் வேலை செய்தது. பொஸ்னியாவில் சிரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் பெரும்பகுதியினர், காணாமல்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழுவின் மரபணுப் பணியால் பெயரோடு அடையாளம் காணப்பட்டார்கள். இலங்கையிலும் 1999இல் செம்மணி தோண்டப்பட்டபோது வெளிநாட்டு நிபுணர்கள் பார்வையாளர்களாக நின்றதைச் சென்ற வாரம் சொன்னேன். காணாமல்போனோரின் உறவினர்களுக்கான நாடளாவிய மரபணுத் தொகுப்பு ஒன்று இங்கே இன்றும் இல்லை.

இப்போது கதையைப் பின்னோக்கி எடுத்துச் செல்ல வேண்டும், 1990க்கு.

அந்த ஆண்டு பெப்ரவரியில் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டார். உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. அவருடைய தாய் வைத்தியர் மனோராணி சரவணமுத்து, தமிழ்ப் பெண். மகனைக் கொன்றவர்களை அடையாளம் காட்டத் தயாராக இருந்தவர், பிறகு தெற்கின் அன்னையர் முன்னணிக்குத் தலைமை தாங்கினார். மாத்தறையில் தொடங்கிய அந்த முன்னணியைக் கட்டியெழுப்பிய அரசியல்வாதிகள் இருவர்: மங்கள சமரவீர, மஹிந்த ராஜபக்ஷ.

ஆம், அதே மஹிந்ததான். 1990 செப்டெம்பரில், காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழுவைச் சந்திக்க அவர் ஜெனீவாவுக்குப் புறப்பட்டார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவர் மறித்து, பயணப்பொதியைத் திறந்தார். காணாமல்போனவர்களின் விவரங்கள் நிரப்பிய 533 படிவங்களும் 19 பக்கப் படங்களும் பறிமுதலாகின. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக மஹிந்த உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. ஜெனீவாவின் கதவைத் தட்ட வேண்டும், உள்நாட்டில் நீதி கிடைக்காது என்பது அன்றைக்குச் சிங்களத் தாய்மாரின் குரல். அதைச் சுமந்து போனவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜனாதிபதியாக, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானங்களை நாட்டின் இறைமைக்கு விழுந்த அடி என்றார். மற்றவரான மங்கள, வெளிவிவகார அமைச்சராக 2015இல் இலங்கையையே பொறுப்புக்கூறல் பற்றிய 30/1 தீர்மானத்தின் இணை அனுசரணையாளராக்கினார்.

1990இன் அந்தத் தட்டலுக்குப் பலனும் கிடைத்தது. பாரிஸில் கூடிய உதவி வழங்கும் நாடுகள் மனித உரிமை நிலைமையைக் கேள்விக்குள்ளாக்கின. 1991இல் சர்வதேச மன்னிப்புச் சபை நாட்டுக்குள் வர அனுமதிக்கப்பட்டது. அது வைத்த 32 பரிந்துரைகளில் 30ஐ அப்போதைய ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு ஏற்பதாகச் சொன்னது. ஐ.நா. செயற்குழு அதே ஆண்டு ஒக்டோபரில் நேரில் வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அதற்கு முன்பே, 1989இல், நாட்டுக்குள் காலூன்றியிருந்தது. தடுப்பு முகாம்களில் இருந்தவர்களைப் பதிவுசெய்வதே அப்போது உயிர் காக்கும் வேலை. பெயர் ஒரு வெளியாரின் புத்தகத்தில் ஏறிவிட்டால், அந்த ஆளை அழிப்பது கடினம்.

ஆனால் திகதி என்ற ஒன்று குறுக்கே விழுந்துகொண்டே இருந்தது. பிரேமதாச 1991 ஜனவரியில் நியமித்த ஆணைக்குழுவுக்கு, அந்த மாதம் 11ஆம் திகதிக்குப் பிறகு நடந்தவற்றைத்தான் விசாரிக்கலாம் என்று எழுதிக்கொடுக்கப்பட்டது. மாத்தளையின் பிள்ளைகள் அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே போய்விட்டவர்கள். 1994இல் ஜனாதிபதி சந்திரிகா நியமித்த மூன்று வலய ஆணைக்குழுக்கள் 1988 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடந்தவற்றை எடுத்தன. மாத்தளைத் தாய்மார் அரசாங்கத்தின் முன் உட்கார்ந்து பெயர்களைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது அப்போதுதான். பிறகு மறுபடி கதவு மூடியது. போர் முடிந்த பின் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு 2002இலிருந்து தொடங்கியது. ஜெனீவாவும் அதே கோட்டைத்தான் பிடித்தது: 2014 தீர்மானத்தின்படி நடந்த ஐ.நா. விசாரணைக்கு 2002 பெப்ரவரி முதல் 2011 நவம்பர் வரையே எல்லை. போரின் இறுதியில் வன்னியில் நடந்ததன் அளவு அப்படி, அதை முதலில் எடுத்தது நியாயம். ஆனாலும் அந்த எல்லைக்கோடு தெற்கின் குடும்பங்களுக்குச் சொன்ன செய்தி, உங்களுக்கு இங்கே இடமில்லை என்பதுதான். சிங்களத் தாய்மாரை ஜெனீவாவிலிருந்து அந்நியப்படுத்தியதில் கொழும்பின் பிரசாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு, இந்தத் திகதிக் கோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இனிப் பதிவேடுகள். 2023 ஜூனில் நான்கு அமைப்புகள் சேர்ந்து இலங்கையின் புதைகுழிகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. மூன்று தசாப்தங்களில் ஏறக்குறைய இருபது அகழ்வு முயற்சிகள் நடந்தும் குடும்பங்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம் என்று அது காட்டியது. மாத்தளைப் புதைகுழி வெளிவந்த பின், மத்திய மாகாணப் பொலிஸ் நிலையங்களில் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளை அழிக்குமாறு பாதுகாப்புச் செயலாளரிடமிருந்து உத்தரவு போனதாகவும் அதில் குற்றச்சாட்டு இருக்கிறது. 1989இல் ஒரு தாய் பொலிஸில் கொடுத்த முறைப்பாடு, அதைப் பதிந்த பொலிஸ்காரரின் பெயர், அன்று நிலையத்தில் கடமையில் இருந்தவர்கள் யார் என்ற விவரம், எல்லாம் அந்தத் தடித்த கையெழுத்துப் புத்தகங்களில்தான் இருந்திருக்கும். புத்தகம் போனால் முறைப்பாடே நடக்கவில்லை என்றாகிவிடும்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து, சர்வதேச ஆதரவு என்றால் என்னதான் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீர்மானங்கள், தடைகள், வரிச்சலுகை எல்லாம் முக்கியந்தான். மாத்தளையை வைத்துச் சொன்னால், உள்ளூர் அதிகாரத்தின் கை எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருப்பதே அதன் முதல் பயன். கட்டுநாயக்கவில் பறிபோன படிவங்களுக்கு ஜெனீவாவில் ஒரு பிரதி இருந்திருந்தால், எந்தப் பொலிஸ் நிலையத்தின் அலமாரி காலியானாலும் அந்த 533 படிவங்களில் இருந்தவர்கள் காகிதத்தில் இருந்திருப்பார்கள்.

2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானம் அதைத்தான் செய்கிறது. சாட்சியங்களைச் சேகரித்து, ஒழுங்குபடுத்தி, பாதுகாத்து வைக்க ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அது பொறுப்புக் கொடுத்தது. 2025 ஒக்டோபரில் அந்தப் பொறுப்பு மேலும் இரண்டாண்டுக்கு நீடிக்கப்பட்டது. 2024 மே மாதம் அதே அலுவலகம் காணாமலாக்கப்படுதல் பற்றி வெளியிட்ட அறிக்கை, 1970கள் முதல் 2009 வரையான காலத்தை, ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தையும் சேர்த்தே, பேசியது. 2002 என்ற கோடு கடைசியில் அழிந்தது.

இன்று ஆட்சியில் இருப்பது ஜே.வி.பி. தலைமையிலான அரசு. மாத்தளைக் குழியில் கிடந்தவர்கள் தங்கள் தோழர்கள் என்று 2013இல் நீதி கேட்ட கட்சி அது. ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 2024 ஒக்டோபரில், ஜெனீவாவின் சாட்சியச் சேகரிப்பை வெளியார் பொறிமுறை என்று இந்த அரசும் நிராகரித்தது. தன் சொந்தத் தோழர்களின் எலும்பை மறுபடி சோதிக்க, குடும்பங்கள் நம்பும் நிபுணர்களை அழைக்க, இந்த அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. காணாமல்போனோர் அலுவலகத்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் கால எல்லை கிடையாது. 1989ஐ அது எடுக்கலாம். எடுக்க வேண்டும்.

மாத்தளை, தம்புள்ளை, உக்குவளைப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு, சிங்கள அயலவர்களுக்கும் சொல்லக்கூடிய ஒரு செய்தி. ஐ.நா. செயற்குழுவுக்கு இப்போதும் முறைப்பாடு அனுப்பலாம். எத்தனை ஆண்டு கடந்தது என்பது தடை அல்ல. உள்ளூர் வழக்கை முடித்துவிட்டு வா என்று கேட்கவும் மாட்டார்கள். கட்டணம் இல்லை. காணாமல்போனவரின் முழுப்பெயர், எந்த நாளில் அல்லது குறைந்தது எந்த ஆண்டின் எந்த மாதத்தில், எந்த இடத்திலிருந்து, யார் கூட்டிச்சென்றார்கள், தேடியலைந்த இடங்கள் எவை என்பவை போதும். குடும்பத்தார் நேரடியாக அனுப்பலாம், அவர்களின் சம்மதத்தோடு ஓர் அமைப்பும் அனுப்பலாம். 1990களில் ஆணைக்குழு முன் சாட்சி சொன்னவர்கள் அந்தக் கடிதங்களை, கிராம சேவகர் கொடுத்த துண்டுகளை, மரணச் சான்றிதழ் என்று பிறகு கொடுக்கப்பட்ட காகிதத்தை இன்னும் வைத்திருப்பார்கள். அவற்றை ஒரு முறை பிரதி எடுத்து, வீட்டுக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மன்னார் சதொச வளவுப் புதைகுழி.

(தொடரும்)