சீட் பெல்ட் சத்தமும் ஒரு இரும்பு நாக்கும்

காரில் சீட் பெல்ட் போடலேன்னா ‘டிங் டிங்’னு ஒரு சத்தம் வருமே, அதை நிறுத்த என்ன வழின்னு தேடிப் பாருங்க. ஒரே நிமிஷத்தில் பல யோசனை கிடைக்கும். பெல்ட்டை முதுகுக்குப் பின்னாடி மாட்டிட்டு அதுமேல சாஞ்சுக்கறது, சீட்டுக்கு அடியில போற ஒயரைக் கழட்டி விடறது, பக்கிளுக்குள்ள சொருகுற இரும்பு நாக்கை மட்டும் தனியா வாங்கிப் போடறது. மூணாவதுதான் நம்ம ஊரில் ரொம்பப் பிரபலம். இந்தச் சத்தம் எங்கிருந்து வருது, ஏன் இவ்வளவு எரிச்சலா இருக்கு, நியாயமான வழியில எப்படி நிறுத்தலாம்னு தேடிப் படிச்சதோட குறிப்புதான் இது.

சத்தம் எப்படி வருது?

இதுக்கு ரெண்டு தகவல் போதும். சீட்டில் ஆள் இருக்காங்களா? பெல்ட் மாட்டியிருக்கா? முதல் கேள்விக்குப் பதில் சொல்றது சீட் மெத்தைக்கு அடியில் இருக்கும் எடை உணரும் தகடு. டிரைவர் சீட்டில் ஆள் இருந்தே தீரணும் என்பதால் அங்கே பெரும்பாலும் அது தேவைப்படாது. ரெண்டாவது கேள்விக்குப் பதில் பக்கிளுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச். நாக்கு உள்ளே போனதும் சுவிட்ச் நிலை மாறும். இந்தத் தகவல் முதலில் போய்ச் சேருவது ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் சத்தமும் அதற்குப் பிறகு வருபவை. இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

வண்டி நகர ஆரம்பிச்சு குறிப்பிட்ட வேகமோ தூரமோ நேரமோ தாண்டியதும் சத்தம் தொடங்கும். போகப் போக வேகமாகும். இது வேணும்னே அப்படிச் செய்ததுதான். காதுக்கு இனிமையா இருந்தா யாரும் பெல்ட் போட மாட்டாங்க.

அமெரிக்காவின் 8 வினாடி சட்டம்

இந்த எரிச்சலுக்குப் பெரிய வரலாறே இருக்கு. மூணு முனையில் பிடிக்கிற இன்றைய பெல்ட்டை 1959-ல் வோல்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்தார். பெல்ட் வந்துவிட்டது, போடத்தான் ஆள் இல்லை. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் ஒரு கடுமையான ஏற்பாடு வந்தது. முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பக்கத்து சீட்டில் நாய் உட்கார்ந்தாலும் மளிகைப் பை இருந்தாலும் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி அடம்பிடித்தது. ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க. அதே வருஷம் அக்டோபரில் அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கவே கூடாதுன்னு சட்டம் வந்தது. கூடவே இன்னொரு விதி: கட்டாய எச்சரிக்கைச் சத்தம் 8 வினாடிக்கு மேல் போகக்கூடாது.

எட்டு வினாடி சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது யாருக்கும் கஷ்டமில்லை. அதனால் அதற்குப் பெரிய பலனும் இல்லை. 2000 மாடல் வாக்கில் ஃபோர்டு தானாக முன்வந்து வேற மாதிரி செய்தது. 6 வினாடி சத்தம், 30 வினாடி இடைவெளி, திரும்பவும் சத்தம், இப்படி 5 நிமிஷம் வரை. அந்தக் கார்களில் பெல்ட் போடும் டிரைவர்கள் 71 சதவீதத்திலிருந்து 76 சதவீதமா கூடினதா ஆய்வில் தெரிந்தது. அஞ்சு சதவீதம்தானேன்னு தோணும். ஆனா அந்த அஞ்சு பேரும் அதுவரை எந்த அறிவுரைக்கும் மசியாதவங்க. அந்த 8 வினாடி வரம்பை நீக்க அமெரிக்காவுக்கு 2012 வரை ஆச்சு.

இந்தியாவில்

நம்ம நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் இந்த எச்சரிக்கை கட்டாயம். சத்தம் வந்ததும் கூடவே அதை ஏமாற்றும் கிளிப் வியாபாரமும் சூடு பிடித்தது. 2021-ல் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,397 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 7,959 பேர் டிரைவர் இல்லை, பயணிகள்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் பக்கத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். அதன்பிறகுதான் பின்சீட் பெல்ட் பற்றியும் கிளிப் பற்றியும் அரசாங்கம் தீவிரமானது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. சிலர் அதை பாட்டில் ஓப்பனர், சிகரெட் லைட்டர் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள்!

கிளிப் போட்டா என்ன ஆகும்?

“சத்தம் மட்டும்தானே நிக்குது, அதான் ஏர்பேக் இருக்கே” என்பது வழக்கமான வாதம். ஸ்டியரிங்கில் ‘எஸ்.ஆர்.எஸ்.’னு எழுதியிருப்பதைப் பாத்திருப்பீங்க. முதல் எழுத்து ‘சப்ளிமென்டல்’, அதாவது துணை. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று இல்லை.

பெல்ட் போடலேன்னா ஏர்பேக் திறக்காதுன்னும் ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலான கார்களில் அது உண்மையில்லை, திறக்கும். ஆபத்தே அதில்தான். பிரேக் அடித்த உடனே உடம்பு முன்னால் சரிஞ்சிடும். ஏர்பேக் விரியறது ஏறக்குறைய ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில். முழுசா விரிந்த பையில் முகம் பதிந்தால் அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும் பையில் போய் மோதினால் அது குத்து.

இப்ப முதலில் சொன்னதை நினைச்சுப் பாருங்க. பக்கிள் சுவிட்ச் பேசுவது ஏர்பேக் கம்ப்யூட்டரிடம். பெல்ட் போட்ட ஆளுக்கும் போடாத ஆளுக்கும், எவ்வளவு கடுமையான மோதலில் ஏர்பேக் திறக்கணும்னு தனித்தனி அளவு வைத்திருக்கும் கார்கள் உண்டு. கிளிப் அந்தக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. அது அந்தப் பொய்யை நம்பி முடிவெடுக்கிறது.

கணக்கும் ஒண்ணு. 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். கையை ஊன்றித் தடுத்துக்கலாம்னு நினைப்பது எவ்வளவு அபத்தம் பாருங்க.

நியாயமா நிறுத்தும் வழிகள்

*பக்கத்து சீட்டில் பை இருந்தா:* சில கிலோ எடையே ஆள்னு காட்டப் போதும். பையைக் கால்வைக்கும் இடத்திலோ டிக்கியிலோ வைங்க. திடீர் பிரேக்கில் பை பறந்து வராமலும் இருக்கும்.

*குழந்தை சீட் மாட்டியிருந்தா:* பெல்ட் இல்லாமல் கொக்கியில் மாட்டும் வகை என்றால், அந்த இடத்துக் கார் பெல்ட்டை முதலில் பக்கிளில் போட்டுவிட்டு அதன்மேல் குழந்தை சீட்டை மாட்டலாமான்னு ரெண்டு கையேட்டையும் பாருங்க.

*பெல்ட் போட்டும் கத்தினா:* பக்கிளுக்குள் நாணயமோ பிஸ்கட் தூளோ சிக்கியிருக்கலாம். டார்ச் அடிச்சுப் பாருங்க. இல்லேன்னா சீட்டுக்கு அடியில் கனெக்‌ஷன் லூஸா இருக்கலாம். மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதில் நீங்களா கை வைக்காம சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

*பெல்ட்டே தொந்தரவா இருந்தா:* கழுத்தை அறுப்பது போல் இருந்தால் தோளுக்கு மேலே தூணில் உயரம் மாற்றும் பட்டன் பல கார்களில் உண்டு. கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் தாழ்வாகப் படியணும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே, மேல்பட்டை மார்புக்கு நடுவே.

பல கார்களில் பின்சீட்டுக்கு எடைத் தகடு கிடையாது. பெல்ட் மாட்டாமலே உட்கார்ந்தால் சத்தம் வராமலே போகலாம். ஆனா சட்டப்படி பின்சீட்டில் முன்நோக்கி உட்காருபவரும் பெல்ட் போடணும், மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அங்கே ஞாபகப்படுத்த வேண்டியது காரில் இருக்கும் ஆளுங்கதான். கல்யாணத்துக்குப் போகும்போது பின்சீட்டில் பட்டுப்புடவை கசங்குதுன்னு யாராவது சொன்னா, அப்பவும் சொல்லுங்க.