காய்ச்சல் நடந்து வரும் பாதை

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தைச் சாக்கிட்டு நம்ம தென்காசிப் பக்கத்து வீடுகளுக்கு உறவுக்காரங்க வந்து தங்குவாங்க. அதே சாரலில் ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கும். இந்த இரண்டும் சேருகிற இடத்தில்தான் டெங்கு வருகிறது. 2012-ல் கடையநல்லூர் பட்ட பாட்டை மறக்க முடியுமா?

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பிறந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் மேலத்தெருவில் கண்ட காய்ச்சல், நடுவிலே உள்ள தெருவையெல்லாம் விட்டுவிட்டு ஊர்க்கோடியில் எப்படி வருது? கொசு போகவில்லை. மனுஷன் போனான்.

பெரு நாட்டில் இக்கிட்டோஸ் என்ற நகரத்தில் இதை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். காய்ச்சல் கண்டவரிடம், "முந்தின நாட்களில் எந்தெந்த வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டு, அந்த வீட்டுக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரே வீடுகளுக்குப் போய்வருகிறவர்களிடையேதான் தொற்று அதிகம். அவை பக்கத்து வீடுகளாக இருக்கணும்னு இல்லை.

இதுக்கு சமூக வலைப்பின்னல் ஆய்வுன்னு பேர். மலைக்க வேண்டாம், புள்ளிக் கோலம் மாதிரிதான். வீடு ஒரு புள்ளி. போக்குவரத்து ஒரு கோடு. கோடுகள் நிறையச் சேரும் புள்ளி டீக்கடையாக இருக்கலாம், பத்துப் பேர் கூடிப் பீடி சுற்றும் திண்ணையாக இருக்கலாம். தொட்டியை முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். டெங்கு வந்த வீட்டை 'சுத்தமில்லாத வீடு'ன்னு ஏசுகிறோமே, கடி வாங்கின இடம் வேறாக இருந்தால் அது என்ன நியாயம்?

இதில் ஒரு சங்கடமும் உண்டு. யார் யார் வீட்டுக்குப் போகிறார் என்று எழுதினால், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதும் வெளியே வந்துவிடும். ஆகவே பேருக்குப் பதில் எண் போட்டுத்தான் வைக்கணும்.

நாம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துவிடுங்க. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காய்ச்சல்காரர் பகலிலும் கொசுவலைக்குள்ளேயே படுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, முந்தின இரண்டு வாரத்தில் எந்த ஊரில், யார் வீட்டில் தங்கினார், பகலில் எங்கே இருந்தார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.