டர்போவின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

அமெரிக்காவில் ஆர்வலர்கள் சொந்தக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பகுதி வேலையைக் கட்டுபவர்களே, கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது விதி. அவர்களில் சிலர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் வந்த 13பி ரோட்டரி எஞ்சினைத் தங்கள் விமானத்தில் பொருத்துகிறார்கள். அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு சுற்றிச் சக்தி தருகின்றன.

உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்தில் 1,013 மில்லிபாராக இருக்கும் அழுத்தம் 10,000 அடியில் ஏறக்குறைய 700. 18,000 அடியில் பாதிதான். காற்று குறைந்தால் சக்தியும் குறையும். இதை ஈடுகட்டவே டர்போ. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டிலுள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் அளவு மீறாதிருக்க, புகையில் ஒரு பகுதியை மாற்றுவழியில் வெளியேற்றும் கதவு ஒன்று உண்டு. அதற்கு வேஸ்ட்கேட் என்று பெயர்.

ரோட்டரி எஞ்சினில் வால்வு இல்லாததால் புகை மிகுந்த சூட்டோடும் வேகத்தோடும் பாய்கிறது. அதனால் டர்போ வெகு எளிதில் வேகம் பிடிக்கும். வேஸ்ட்கேட் சிறியதாக இருந்தால், முழுதாகத் திறந்த பிறகும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதல் தேவை, பெரிய கதவு.

இரண்டாவது, எதை வைத்து அளப்பது என்பது. கார் டர்போவின் கட்டுப்பாடு பொதுவாக வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளக்கும். 400 மில்லிபார் கூடுதல் என்று வைத்தால், தரையில் எஞ்சினுக்குக் கிடைப்பது சுமார் 1,400. 10,000 அடியில் 1,100தான். அங்கேயும் 1,400 வேண்டுமென்று விமானி கதவை இறுக்கினால், டர்போ காற்றை இரு மடங்காக அமுக்க வேண்டும். 18,000 அடியில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! சக்கரம் தன் எல்லை வேகத்தைத் தாண்டிச் சிதறக்கூடும். இறுக்கிய கதவைத் தளர்த்தாமல் கீழே இறங்கினாலோ, அடர்ந்த காற்றில் அழுத்தம் எகிறும். அதனால் உண்டாகும் வெடிப்பதிர்வு சுழலியின் முனைகளிலுள்ள அடைப்புப் பட்டைகளை உடைத்துவிடும். எனவே வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், எஞ்சினுக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தத்தை அளந்தே கதவை இயக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். கார் டர்போவில் சுருள்வில் ஒன்று கதவை மூடியே வைத்திருக்கும். சிறு குழாய் வழியே வரும் காற்றழுத்தம் தள்ளினால்தான் அது திறக்கும். அந்தக் குழாய் கழன்றுவிட்டால் கதவு மூடியபடியே நிற்கும், அழுத்தம் கட்டுமீறும். சாலையில் என்றால் காரை ஓரமாக நிறுத்திவிடலாம். தரையிலிருந்து கிளம்பி 300 அடி உயரத்தில் இருப்பவருக்கு ஓரம் ஏது?

தொழிற்சாலைகளில் தயாராகும் டர்போ விமானங்கள் பலவற்றில் ஏற்பாடு தலைகீழ். சுருள்வில் கதவைத் திறக்கிறது. எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் மூடுகிறது. கதவுக்கு வரும் எண்ணெய் நின்றால் கதவு தானே திறந்துகொள்ளும். சக்தி குறையும். ஆனால் எஞ்சின் தப்பும், விமானியும் இறங்க இடம் தேடலாம்.

சொந்தமாகக் கட்டுபவர்கள் எத்தனை குதிரைசக்தி கிடைக்கும் என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். ஒரு குழாய் கழன்றால் கதவு எந்தப் பக்கம் போகும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏனென்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோதான்.