புலி – 0, அட்டை – எண்ணவில்லை!

கன்னியாகுமரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சூரிய உதயம், வள்ளுவர் சிலை, சிப்பி மாலை. காடு? ம்ஹூம்! 1,672 சதுர கி.மீ. உள்ள இந்தக் குட்டி மாவட்டத்தில் ஏறக்குறைய கால்வாசி, 402 சதுர கி.மீ., வன உயிரினச் சரணாலயம். 2008-ல் அறிவித்தார்கள். யானை உண்டு, புலி உண்டு, மிளா உண்டு.

வாத்தியார் நண்பர் ஒருவர் எட்டாங்கிளாஸ் பிள்ளைகளை வனத்துறை அனுமதியோடு பேச்சிப்பாறைக்கு மேலே கூட்டிப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். (ஆபீஸில் லீவு போட்ட காரணம் வேறு. அது இங்கே வேண்டாம்!)

வழிகாட்டியாக வந்தவர் ஒரு காணிக்காரப் பெரியவர். சொற்பொழிவு எதுவும் இல்லை. குனிந்து, மக்கிய சருகை ஒரு கை அள்ளிப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்! மழை பெய்து ஒரு வாரமாகியிருந்தது.

"இதாம் பிள்ளேளா உங்க டேம். கீழ இருக்கது வெறும் சுவரு."

1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை இத்தனை சுருக்கமாக எந்த என்ஜினீயரும் விளக்கியதில்லை. இரண்டு பருவமழையையும் காடு குடித்து வைத்துக்கொண்டு, கோதையாற்றில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் அதை நம்பித்தான்.

கடைமடையிலிருந்து வந்த ஒரு சிறுமி கேட்டாள்: "அப்ப மரத்த வெட்டுனா எங்க வயலுக்குத் தண்ணி வராதா தாத்தா?"

"வரும் மக்ளே. மழை பெய்யும்போது மொத்தமா வரும். வேணுங்கும்போது வராது. ரப்பர் தோட்டத்துல பாரு, தரை துப்புரவா இருக்கும். தண்ணி நிக்காம ஓடிரும்."

பின்னாலிருந்து ஒரு பையன், குரல் கம்ம: "எங்கப்பா ரப்பர் பால் வெட்டுதாரு. அவரு செய்யது தப்பா?"

வாத்தியார் கையைப் பிசைந்தார். பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. பெரியவர் பையனின் தோளில் கை வைத்தார்.

"நானும் பத்து வருஷம் பால் வெட்டுனவந்தாம் மக்கா. இருக்க ரப்பர் இருக்கட்டும். இதுக்கு மேல ஏறி வராம இருந்தாப் போதும்."

பையன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. காலிலும்தான்... இரண்டு அட்டை! உப்பைத் தூவி உதிர்த்தோம்.

திரும்பும்போது அவன் நோட்டை எட்டிப் பார்த்தேன். 'மலையணில் – 1. யானை லத்தி – 2 இடம். புலி – 0. அட்டை – எண்ணவில்லை. அப்பாவிடம் கேட்க வேண்டியது – 4.'