எண்ணிக்கையில் முந்துவது வேறு, உயிரைப் பறிப்பது வேறு

2022-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 8 லட்சத்து 20 ஆயிரம் பேருக்குத் தைராய்டு புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் 50 ஆயிரத்துக்கும் குறைவு. கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 5 லட்சத்துச் சொச்சம். இறந்தவர்களோ சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம். பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடுகள் இவை. உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் அங்கம் அது.

எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தால் அந்த ஆண்டில் புதிய நோயாளிகள் சுமார் 2 கோடி, இறப்புகள் 97 லட்சம். நுரையீரல் புற்றுநோய் இரண்டு பட்டியல்களிலும் முதலிடம்: 24.8 லட்சம் பேருக்கு வந்தது, 18.2 லட்சம் பேர் இறந்தார்கள். இதற்குப் பெரும் காரணம் புகையிலை. மார்பகப் புற்றுநோய் வருவதில் இரண்டாவது, இறப்பில் நான்காவது. அதைவிடக் குறைவானவர்களுக்கே வரும் பெருங்குடல், கல்லீரல் புற்றுநோய்கள் இறப்பில் அதை முந்திவிடுகின்றன.

ஓர் ஆண்டில் இறப்பவர்களில் பலர் அதற்கு முன்பே நோய் கண்டறியப்பட்டவர்கள். ஆகவே இரண்டு எண்களையும் வகுத்து வருவதைப் பிழைக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நிறையச் சொல்கிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் வெகுநாள் வரை வலியும் இருக்காது, கைக்கும் தட்டுப்படாது. பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலை வரும்போது பலருக்கு அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும்.

தைராய்டின் கதை இதற்கு நேர்மாறானது. தென் கொரியாவில் 1999-இல் அரசு சில புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் அழைத்தன, மக்களும் எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் அங்கே தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்காகியிருந்தது. இறப்பு விகிதம் மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பெருகியது நோய் அல்ல, தேடல்தான். வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து, ஆயுளுக்கும் ஹார்மோன் மாத்திரை விழுங்க நேர்ந்தது. சிலருக்குக் குரல் நாண்களும் பாதிக்கப்பட்டன. 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலரே இதைப் பகிரங்கமாக எதிர்த்தபின் அறுவை சிகிச்சைகள் ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. 'இத்தனை மடங்கு பெருகிவிட்டது' என்று எந்தப் புற்றுநோயைப் பற்றிச் செய்தி வந்தாலும், இறப்பும் கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டின் துயரம் வேறு வகை. 2022-இல் இந்தியாவில் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதாவது, இறப்பு புதிய நோயாளிகளில் பாதி. அமெரிக்காவிலோ இது ஆறில் ஒரு பங்குதான். அதே மார்பகம், அதே நோய். நம் பெண்கள் கட்டி பெரிதான பிறகு வருகிறார்கள். தொடங்கிய சிகிச்சையையும் பலரால் முடிக்க முடிவதில்லை. இந்த இடைவெளி என்னை உறுத்துகிறது, ஏனென்றால் இதற்கு உடலைக் குற்றம் சொல்ல முடியாது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் என்ன செய்ய முடியும் என்பதைத் திண்டுக்கல் மாவட்டமே காட்டியிருக்கிறது. அங்கே நடந்த ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். புற்றாக மாறக்கூடிய திசு சற்று நேரத்தில் வெளுத்துத் தெரியும். அதைக் குளிரூட்டி உறையவைத்தே அழித்துவிடலாம். 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அதன் முடிவுகளின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்த நோயால் ஏற்படும் இறப்பு, மற்றப் பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும், 2022-இல், இதே நோய்க்கு இந்தியா ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்களைப் பறிகொடுத்தது.