தொட்டி கட்டப் பணம் வரும். மோட்டார் பில்லை யார் கட்டுவது?

பெருநகர்ப் பக்கத்தில், செய்யாற்றங்கரையில் கொஞ்சம் நஞ்சை வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு நெடுநாள் கவலை ஒன்று. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் பாக்கி வைக்காதவர். "ஊராட்சி என்றாலே புதிதாக ஏதாவது கட்டுவது என்று ஆகிவிட்டது. கட்டியதைப் பழுது பார்க்கப் பணம் இல்லை என்கிறார்கள். ஏரி மதகைப் பற்றிக் கேட்டால் அது எங்கள் பொறுப்பில் இல்லை என்கிறார்கள். நாங்கள் யாரிடம், எப்போது கேட்பது?" என்பது அவர் கேள்வி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் இதே கேள்வி காதில் விழும்.

ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கட்டுவது ஒருமுறைச் செலவு. அதற்கு அரசுத் திட்டத்தில் பணம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் வருடச் செலவு. 5 எச்.பி. மோட்டார் ஒன்று தினம் 6 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 22 யூனிட், வருடத்துக்கு 8,000 யூனிட்டுக்கு மேல். விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் நம் கண்ணுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. ஊராட்சி மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் அந்தச் சலுகை கிடையாது. மின்வாரியத்துக்குப் பில் கட்டியே ஆக வேண்டும். இதோடு தொட்டி இயக்குபவர் சம்பளம், பிளீச்சிங் பவுடர், காயில் கட்டும் செலவு, குழாய் உடைப்பு. தவணையில் டிராக்டர் எடுத்துவிட்டு டீசலுக்குக் கடன் கேட்டு அலைகிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். அதே ஊர் கூடித் தொட்டிக்குக் கை தூக்கும்போது டீசல் கணக்கை யாரும் கேட்பதில்லை.

வருகிற பணத்துக்கும் கடிவாளம் உண்டு. 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. அதில் பாதி சுகாதாரத்துக்கு. மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது. ஆகவே தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் என்றால் ஊராட்சியின் சொந்த வரி வருமானத்தையும் மாநில நிதிக்குழு மானியத்தையும்தான் பார்க்க வேண்டும். வரி வசூல் மெலிந்த ஊரில் புதுக் கட்டடம் எழும், பழைய மோட்டார் நிற்கும். இதை உடனே ஊழல் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. பல இடங்களில் இது வெறும் கணக்குப் பிசகு. ஆனால் கல்வெட்டு வைத்துத் திறப்பு விழா நடத்த புதுக் கட்டடம்தான் தோது, காயில் கட்டியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை என்பதும் உண்மை.

இனி ஏரி. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கர்) மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குட்டை, ஊருணி போன்றவை கிராம ஊராட்சிக்கு. எனவே "ஏரி எங்களுடையது அல்ல" என்று ஊராட்சியில் சொன்னால் அது தட்டிக்கழிப்பாக இல்லாமலும் இருக்கலாம். நம் ஏரியின் ஆயக்கட்டு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். 2017 மார்ச்சில் இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் குடிமராமத்துத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வேலையில் 10 சதவீதத்தை ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பங்கைக் கொடுத்தவர்தான் கரையில் நின்று கலவையைப் பார்ப்பார். ஏரி வண்டல் விஷயமும் அப்படியே. வட்டாட்சியர் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக நிலத்துக்கு அடிக்கலாம். தூர் வாரும் செலவில் ஒரு பங்கு குறையும், மணற்பாங்கான நிலத்துக்கு ஈரம் நிற்கும். சிமென்ட் வேலைக்கு முன்னால் இதைத்தான் ஊரில் பேச வேண்டும்.

பராமரிப்புக்குப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வயிரமேகத் தடாகம் பல்லவர் காலத்து ஏரி. அதில் தூர் வாருவதற்கென்றே முதல் வைத்து, முதலைத் தொடாமல் அதில் வரும் வட்டியைச் செலவிட ஏற்பாடு செய்த செய்தி அவ்வூர்க் கல்வெட்டுகளில் உண்டு. அதே ஊரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இல் பொறித்த குடவோலை விதிகள் 921-இல் திருத்தப்பட்டன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். அந்தச் சபையில் உழுத குடியானவருக்கும் பெண்களுக்கும் இடமில்லை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கான சபை அது. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம். ஆனால் கணக்கு விதி மட்டும் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

சரி, எப்போது கேட்பது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. இவற்றில் அடுத்த நிதியாண்டின் கிராம வளர்ச்சித் திட்டத்துக்கான பேச்சு அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. ஏப்ரலுக்குப் பிறகு வந்து "இந்தத் தொட்டி ஏன்?" என்று கேட்பது நாற்று நட்ட பிறகு விதை ரகம் கேட்பது போல. கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பும் இருக்கிறது: மக்கள் தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை கூடாமல் தீர்மானம் போட்டதாக எழுதினால் செல்லாது. பெண்கள் களை எடுப்பிலிருந்து நேரே வந்து சேரும்படி, நேரத்தை முன்கூட்டிச் சொல்லச் சொல்ல வேண்டும். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை சில. வரவு செலவைக் காட்டும் படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்ல வேண்டும். புது வேலை ஒவ்வொன்றுக்கும், கட்டி முடித்த பின் வருடச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து என்று ஒரு வரி தீர்மானத்தில் எழுதச் சொல்ல வேண்டும். மின்வாரியப் பாக்கி எவ்வளவு என்பதையும் கேட்கலாம். அதைச் சொல்லாமல் புது மோட்டாருக்குக் கை தூக்கக் கேட்டால் அந்தத் தீர்மானத்தைத் தள்ளி வைக்கக் கோருவதில் தவறில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்க வாசித்த பிறகே கையெழுத்து. முதலில் வெள்ளைத் தாளில் கையெழுத்து, பிறகு தீர்மானம் என்பதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

பதில் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற சிமென்ட் கலவையிலோ ஜல்லியிலோ சான்றிட்ட மாதிரி எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. மனுவில் அளவுப் புத்தகத்தின் நகல், மதிப்பீடு, பணி முடிந்த நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "முழு விவரம் தரவும்" என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். அதுவும் போதாதென்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அவருக்கு மேல் ஊராட்சிகளின் ஆய்வாளராக இருக்கும் மாவட்ட ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் மனுவோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.